எட்டு நாற்பத்தைந்தின் சிவப்புக் கோடு

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஜெயசீலன் சார் மாரடைப்பில் போய்விட்டார் என்று கடந்த செவ்வாய்க்கிழமை காலை நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. உடனே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். 'எப்போதும் சிரித்த முகம்' என்று எழுதியவர்களில் பாதிப் பேர் மூன்று வருடங்களுக்கு முன் அவரைச் சோம்பேறி என்று சொன்னவர்கள். நானும் சொன்னேன்.

செம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்ற நம் ஆட்களே "அதானா? தானாவே ஏதாவது பண்ணிக்கிட்டாரா?" என்று காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி கிரேஸ் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதைத்தான்: "ஹார்ட் அட்டாக்தான் சார். வர்றவங்க எல்லாம் வேற எதையோ மனசுல வச்சுக்கிட்டே கேக்குறாங்க."

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பதினோரு வருடம் என்னிடம் இருந்தது. அவர் சேர்ந்த இரண்டாம் வருடமே அதைப் பிடுங்கி அவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்பதாம் வகுப்பும் ஆசிரியர் வருகைப் பதிவேடும். எட்டு நாற்பத்தைந்துக்கு மணி அடித்ததும், கையெழுத்து இல்லாத கட்டத்தில் சிவப்பு மையால் கோடு போடுவது என் வேலை. மூன்று கோடு விழுந்தால் அரை நாள் விடுப்பு கழியும். அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து அவர் கட்டத்தில் கோடுகள் விழ ஆரம்பித்தன.

ஒருநாள் காவலாளி தங்கவேல் பதிவேட்டு மேசைக்கே வந்துவிட்டார்.

"சார், ஜெயசீலன் சாருக்கு லேட்டு போட்டுகினே கீறீங்களாமே? அவரு எட்டேகாலுக்கே வந்துட்டாரு. வண்டி மேலயே குந்திகினு கீறாரு. ஹெல்மெட்டு கூட கயட்டல."

"வண்டியில உக்காந்திருந்தா வந்ததா அர்த்தமா? கையெழுத்து இருக்கா?"

"இன்னா சார் நீ, மனுசன் மூஞ்சியப் பாத்தியா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில், தலைக்கவசத்தோடு, நின்றுவிட்ட வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. கோடு போட்டேன்.

அன்று இடைவேளையில் அவரிடமே கேட்டேன். "என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். இறங்கணும்னு தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது."

"நல்லாத் தூங்குங்க. காலைல ஒரு வாக்கிங் போங்க. எல்லாம் சரியாயிடும்."

"சரி சார்" என்றார். அதைச் சொன்ன எத்தனையாவது ஆள் நானோ!

என்னைக் குழப்பியது இன்னொன்று. அதே மனிதர் வகுப்புக்குள் போனால் பிள்ளைகளின் சிரிப்பு வராந்தா வரை கேட்கும். நோய் என்றால் நாள் முழுக்க இருக்க வேண்டாமா? ஐப்பசியில் நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுத்தது. அவர் மருத்துவ விடுப்பில் போனார். பன்னிரண்டாம் வகுப்பு மறுபடி என்னிடம் வந்தது. சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்து திரும்பி வந்தவர், கேன்டீனில் என் எதிரே டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"டிப்ரஷன் சார். மனச்சோர்வுன்னு சொல்றாங்க. சோர்வுன்னா தூங்கி எழுந்தா போகணும்ல? இது போகல. மாத்திரை, டாக்டர்கிட்ட பேச்சு, ரெண்டும் சேந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுது."

"காரணம் என்ன சார்?"

"சுகர் வந்தவன்கிட்ட அப்படி என்ன கவலைன்னு கேப்பீங்களா?" என்று சிரித்தார். பிறகு, "சில நாள் தங்கவேல் அண்ணன் வந்து, 'எறங்கு சார்'னு ஹெல்மெட்ட வாங்கிக்குவாரு. அவ்வளவுதான், இறங்கிடுவேன். அந்த நாள்ல எல்லாம் கோடு விழுந்திருக்காது, பாருங்க" என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். அந்த வசதியைக்கூட எனக்குத் தராமல் போய்விட்டார் என்று இன்றும் கோபம் இருக்கிறது. கேன்டீனில் பேசிய அன்று மாலை பழைய பதிவேட்டைப் புரட்டினேன். கோடுகளுக்கு நடுவே அவர் கையெழுத்து இருந்த நாட்களும் இருந்தன. நான் கோடு போட்டது விதிக்காகவா, பன்னிரண்டாம் வகுப்புக்காகவா? இவ்வளவு நாள் யோசித்தும் தெரியவில்லை. அந்த நோயும் எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புரியாமல் கோடு போட்டேன் என்பது மட்டும் புரிகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் 'எறங்கு சார்' என்ற அந்த இரண்டு சொற்கள். அவரும் தங்கவேலிடமிருந்து வாங்கியதுதான். அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து எட்டு நாற்பதுக்கு ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டு வருகிறேன். நேற்று புதிய கணினி ஆசிரியர் பைக்கில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், செக்கிங்கா?"

"இல்ல. மணியாகுது, இறங்குங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கினார்.

நாளைக் காலை இதைப் பதிவேட்டு மேசைக்கு மேலே உள்ள பலகையில் ஒட்டப்போகிறேன். பெயர் போடத்தான் நினைத்தேன். கை வரவில்லை. வெட்கமா, பயமா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சிவப்புப் பேனா யாரிடம் இருக்கிறது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்து இல்லாமலே ஒட்டுகிறேன். என் கட்டமும் ஒருநாள் காலியாக இருக்கட்டும்.