மஞ்சள் கொடியில் ஒரு மலை மரியாதை

நீலகிரி மலையில், கட்டபெட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டும் நூர் அகமது, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட உரசியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம், கார் பந்தயம். லீவு கிடைத்தால் போதும், தன் பழைய மாருதியை எடுத்துக்கொண்டு கோவைப் பக்கம் பந்தயத்துக்கு இறங்கிவிடுவார். மூன்று வருஷமாக எப்போதும் வால்பக்கம்தான். ஆனாலும் அவர் மனைவி ரசியா ஷோகேஸின் நடுத்தட்டைக் காலியாகவே வைத்திருந்தாள். யாராவது கேட்டால், "அவரு கப்பு வாங்கிட்டு வருவாருங்க" என்பாள். அது கேலியா நம்பிக்கையா என்று நூருக்குப் பிடிபட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரசியாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். கடைசி இரண்டு சுற்று இருக்கும்போது நூர் நாலாவது. அவருக்கு முன்னால் மூன்றாவதாகப் போனது குன்னூரில் டாக்ஸி ஓட்டும் எட்மண்ட். மூன்றாம் இடம் வரைக்கும் கப்பு உண்டு.

அப்போது ஒரு கார் மணலில் இறங்கி நின்றுவிட்டது. மஞ்சள் கொடி ஆடியது. மஞ்சளைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பச்சைக் கொடி வரும்வரை முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது. காலையில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்ன விதிதான். நூரும் நன்றாகவே தலையாட்டியிருந்தார்.

எட்மண்ட் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஒரு வண்டி ஒட்டி வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும், பழக்க தோஷத்தில் கையை வெளியே நீட்டி 'போங்க' என்று வீசினார். மலைப்பாதையில் மெதுவாகப் போகிறவர் செய்கிற மரியாதை அது. கை காட்டினால் தாண்டுவதும் அங்கே மரியாதைதான். நூர் தாண்டினார். நன்றிக்கு ஒரு ஹாரனும் அடித்தார். அடித்த பிறகுதான் உறைத்தது.

பச்சைக் கொடி வருவதற்குள் இடத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தண்டனை நிச்சயம். ஓரம் கட்டி இவர் கை வீசினார். எட்மண்டோ, "பரவால்லீங்க, நீங்களே போங்க" என்பதுபோல மறுபடி கை வீசினார். பந்தியில் கடைசி இலைக்கு இரண்டு பேர் உபசாரம் செய்துகொண்ட கதையாயிற்று. பின்னால் ஆறு கார்கள் தாண்டவும் வழியில்லாமல் ஊர்ந்தன.

பேசாமல் போய்விடலாமா என்று நூரின் மனசு ஒரு கணம் சபலப்பட்டது. அவராகத்தானே விட்டார்? உடனே தன்மேலேயே வெட்கமாக இருந்தது. பிரேக்கை அழுத்தி ஏறக்குறைய நின்றேவிட்டார். எட்மண்ட் வேறு வழியில்லாமல் கடந்து போனார். பச்சை வந்தது. நூர் உயிரைக் கொடுத்து விரட்டினார். ஒரு கார் நீளம் பின்தங்கி நாலாவதாகத்தான் முடித்தார்.

சாயங்காலம் மலையேறும்போது, முன்னால் கப்போடு போன எட்மண்ட் ஒரு கொண்டை ஊசி வளைவில் மறுபடி கையை நீட்டினார். நூருக்கு ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கால் வரவில்லை.

"ஏனுங்க, இங்க யாரும் கொடி புடிக்கல. போங்க," என்றாள் ரசியா.

நூர் சிரித்துக்கொண்டே தாண்டி ஹாரன் அடித்தார். "நடுத்தட்டுல வேற எதாச்சும் வெச்சுக்க ரசியா."

"எதுக்கு? அடுத்த மாசமும் ரேஸ் இருக்குதுங்களே," என்றாள் அவள். அவள் முகத்தில் கேலி துளிக்கூட இல்லை.