தாயம்மா கற்ற பலாவு பாஷை

முகத்துவாரக்குப்பத்துத் தாயம்மா எர்ணாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எதிரே மீன் விற்கிறாள். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த வருஷம், "எண்ணூர் மீனா?" என்று கேட்டே ஜனங்கள் விலகிப் போனார்கள். அப்போதும் அவள் தொழிலை விடவில்லை. விடியலில் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

போன ஆடி மாதம் ஒரு வெளிநாட்டுப் பெண் அவள் முன் வந்து நின்றாள். பெயர் மரியா. பசிபிக் கடலில் இருக்கும் பலாவு தீவுக்காரி. அவள் கணவர் ஹருவோ கப்பல் எஞ்சினியர். கப்பல் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அந்த மருத்துவமனையில்தான் கிடந்தார்.

மரியா ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். மீன் தெரிந்தவள் என்று தாயம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை. மரியாவுக்குச் சலிப்பில் சொந்த பாஷையே வாயில் வந்தது.

"ங் தெலா எரால்?"

"எறாவா? இன்னிக்கு எறா வர்லம்மா. வஞ்சரம் கீது, சங்கரா கீது."

மரியா தலையாட்டி மறுத்தாள். வஞ்சிரத்தைக் காட்டி, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்தாள். அவள் கேட்டது இறால் இல்லை; அவள் ஊரில் எரால் என்றால் விலை! தாயம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மரியாவும் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்தபின் மனைவி சிரித்த முகத்தோடு அறைக்கு வந்தது அன்றுதான் என்று ஹருவோ பிறகு ஒரு நர்ஸிடம் சொன்னாராம்.

அதன்பின் தினமும் வியாபாரத்தோடு பாடமும் நடந்தது. விலை அதிகமானால் மரியா அடிபட்டவள்போல முகம் சுளித்து, "மெரிங்கெல்" என்பாள். வலிக்கிறது என்று பொருள்.

"நாங்க கையக் கடிக்குதும்போம். உங்கூர்ல வலிக்குதா?" என்று தாயம்மா ரசித்துக் கேட்டாள். மலிவென்றால் "பெயோத்". சுலபம் என்று அர்த்தம்.

ஹருவோவுக்கு வாக்கர் வாங்க வேண்டி வந்தபோது, தாயம்மா மரியாவை ராயபுரத்தில் பழைய வாக்கர், சக்கர நாற்காலி விற்கும் மஜீது கடைக்கு அழைத்துப் போனாள். அவர் விலை சொன்னதும் மரியாவின் பக்கம் திரும்பினாள்.

"மெரிங்கெல்?"

"மெரிங்கெல்!"

"வா, போலாம்."

மஜீது திகைத்துப் போனார். "இரு அக்கா, இன்னா பாஷை இது?"

"எங்க பாஷை நைனா. இவங்க வூட்டுக்காரரு எழுந்து நடக்கணும். நியாயமா சொல்லு."

அவர் விலையைக் குறைத்தார். வாக்கரின் கால்களுக்குப் புது ரப்பரும் மாட்டி, உயரத்தைத் தானே சரிசெய்து கொடுத்தார்.

ஹருவோ நடந்தார். ஊருக்குக் கிளம்பிய அன்று தாயம்மா கடை போடவில்லை. விமான நிலையத்தை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. வாசலில் மரியா அவளைக் கட்டிக்கொண்டு, "சுலாங், சுலாங்" என்றாள். அது நன்றி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பத்திரமா போய்ட்டு வா மா" என்று தாயம்மா அனுப்பிவைத்தாள்.

திரும்பும்போது மின்சார ரயிலில்தான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னவோ ஏதோ என்று விசாரித்தாள்.

"ஒண்ணுமில்லமா. சொந்தக்காரங்கள ஊருக்கு அனுப்சிட்டு வர்றேன்" என்றாள் தாயம்மா.