வெள்வேல முள்

அவர் மேச்சேரிப் பக்கத்துப் பண்ணைக்காரர். முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டி, ஆட்டுப்பட்டியிலிருந்து அப்படியே வந்து கிராமபோன் முன்னால் உட்காருவார். நான் பிடில் வாசிப்பவன் என்று கேள்விப்பட்டு வண்டி அனுப்பியிருந்தார்.

பிடிலும் பியானோவும் மட்டும் சேர்ந்து வாசிக்கும் புதுக்காலத்து ஐரோப்பிய இசை ஒன்று. அதையே இரண்டு பிடில் வித்வான்கள் தனித்தனியாக வாசித்த இசைத்தட்டுகள் அவரிடம் இருந்தன. எது உசத்தி என்று நான் சொல்ல வேண்டும்.

இரும்பு ஊசி தட்டைத் தின்றுவிடுமாம். அதனால் தன் ஆடுகள் மேயும் கொறங்காட்டிலிருந்து வெள்வேல முள் ஒடித்து, காயவைத்து, சீவிப் பொருத்துவார். ஒரு முள் ஒரு தட்டுக்குத்தான்.

இரண்டையும் கேட்டேன். "முதல் ஆள்தான். அடுத்தவர் வில்லில் கரகரப்பு இருக்கிறது" என்றேன்.

அவர் முள்ளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பேச்சு வாக்குல முள்ள மாத்தாம உட்டுட்டனுங்க. நுனி மழுங்கிப் போச்சு. அந்த மனுசன் மேல பழி போடக்கூடாதுங்க."

புது முள் சீவி, சாவியை முழுக்கச் சுற்றி, மறுபடி வைத்தார். வில் இழை பிசகாமல் ஓடியது. என் தீர்ப்பு கவிழ்ந்தது.

"உங்களுக்கு யார் உசத்திங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டும் பெரிய கைதானுங்க. ஆனா எத்தன பெரிய கையா இருந்தாலும், இங்க வந்தா நம்ம காட்டு முள்ளுலதானுங்க பாடோணும்!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு பட்டணத்துப் பெரிய வீடுகளில் எவ்வளவோ தட்டுகள் கேட்டேன். எல்லாம் இரும்பு ஊசி. அபிப்பிராயம் கேட்டால் இன்றும் என் நாக்கு எழுவதில்லை. அவர் முள்ளில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றே தோன்றுகிறது.