வலது சீட்டில் யார்?

யாராவது "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் கண்ணாடிக்கடைக்காரிக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். ஊராருக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு வெல்டர் தன் கொட்டகையில் சொந்தமாகக் கட்டி ஓட்டிய இரண்டு சீட் விமானம் விலைக்கு வந்தபோது யோசிக்காமல் வாங்கினாள்.

விமானம் நன்றாகத்தான் பறந்தது. ஆனால் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், இடப்பக்கம் சாயும். வலப்பக்கமாகவே அழுத்திப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. விமானத் திடலில் மற்ற விமானிகளிடம் விசாரித்தாள்.

"வீட்டுல கட்டினதுதானே, அது அப்படித்தான்" என்றார்கள்.

போதாதா? இரண்டு இறக்கைகளையும் அளந்து பார்த்தாள், வித்தியாசமே இல்லை. எடைதான் காரணமோ என்று, தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த வலது சீட்டில் கணவரை ஏற்றிக்கொண்டு போனாள். ஊதினால் பறக்கிற உடம்பு அவருக்கு. சாய்வு லேசாகக் குறைந்தது. அடுத்து, பூசினாற்போல் இருக்கும் அக்காவை ஏற்றினாள். மேலே போய் ஸ்டிக்கை விட்டதும் விமானம் கோடு போட்டதுபோல் நேரே போயிற்று.

"ஏண்டி, கைய எடுத்துட்டே!" என்று அலறினாள் அக்கா.

"அசையாதேக்கா! மருந்தே நீதான்!"

இறங்கியதும் சீட்டுக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றினாள். ஸ்டிக்கின் அடிப்பாகத்தை ஒரு ஸ்பிரிங் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"கழட்டிப் போட்டுட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"எதுக்கு மாட்டினார்னு தெரியாம எப்படிங்க கழட்டறது?"

மறுநாளே வெல்டர் வீட்டுக்குப் போனாள். பேரப்பிள்ளைகளுக்கு இடம் பற்றவில்லை என்று அவர் இப்போது நாலு சீட் விமானம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"முதல்ல தனியாத்தான் ஓட்டிப் பாத்தேம்மா. அப்புறம் என் சம்சாரம் ஏறினா, வண்டி வலப்பக்கம் சாஞ்சுது. அவளை இளைக்கச் சொல்றதைவிட ஸ்பிரிங் மாட்டறது சுலபமா இருந்துச்சு."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுக்கப்புறம் இவ இல்லாம ஏறினதே இல்ல" என்றார் வெல்டர், குரலைத் தணித்து.

கண்ணாடிக்கடைக்காரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரே ஆளின் எடைக்கு அளவெடுத்துத் தைத்த விமானம் அது. யார் ஏறினாலும் ஒத்துப்போகிற மாதிரி மாற்றவேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்பிரிங் மாட்டி, இரண்டையும் சீட்டுகளுக்கு நடுவே ஒரு நெம்புகோலில் இணைத்தாள். தனியாகப் போனால் முன்னால் தள்ள வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் எடைக்குத் தக்கபடி பின்னால் இழுக்க வேண்டும். முதலில் செய்த நெம்புகோல் சீட் பெல்ட் கொக்கியில் இடித்தது, வளைத்துச் செய்தாள். அது நிற்பதற்கான பல் வைத்த தகட்டை வெல்டரே பற்றவைத்துக் கொடுத்தார். சோதனை அதிகாரி வந்து நெம்புகோலை ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, ஸ்டிக் நாலு பக்கமும் தட்டாமல் முழுசாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அவள் தனியாக ஏறி, மேலே போய் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாள். சாயவில்லை. தன்னந்தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு வெல்டரும் மனைவியும் திடலுக்கு வந்தார்கள். நெம்புகோலைத் தடவித் தடவிப் பார்த்த வெல்டரிடம், "ஒரு சுத்து போயிட்டு வாங்களேன்" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. அவர் பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தார்.

"நீங்க போங்க. நான் கீழேருந்து பாக்கறேன்" என்றாள் அந்த அம்மாள்.

விமானம் எழும்பித் தலைக்கு மேல் வட்டமடித்தது. அந்த அம்மாள் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதாவா இருக்கும்? இதுக்குள்ளயா நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம்?"