மேல் வீட்டு ஹெல்வா

துருக்கி இனிப்புகளில் எது நல்லது என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள். அரை மணித்தியாலம் போய்விடும். என்னோடு வேலை செய்கிற சென்னைத் தோழி ஒருத்தி போன மாதம் கேட்டுவிட்டாள், பாவம். விடுவேனா? வேலை முடிந்ததும் துருக்கிக் கடைகள் நிறைந்த கிரன்லாண்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் மேசை நிறைய வாங்கி வைத்தேன். பிஸ்தா வைத்த பக்லவா, சூட்டோடு சீஸ் இழுபட இழுபட வருகிற குனெஃபே, பாணியில் ஊறிய துலும்பா, றோசாப்பூ மணக்கிற லொக்கும், மேலே கருகும்வரை ஓவனில் வைத்தெடுத்த பாற்சோறு. ஒவ்வொன்றுக்கும் பிறப்பு வளர்ப்பு எல்லாம் சொன்னேன். கடைசியில் அவள் "போதும்டி, எனக்கு சுகர் வந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, ரவையில் ஏதோ ஹெல்வா செய்வார்களாமே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அது கடையில் வாங்கித் தின்கிற சாமான் இல்லை என்று சொல்லிக் கதையை மாற்றினேன். உண்மைக் காரணம், ஒன்பது வயதில் நான் பார்த்த ஒரு வேலை.

அப்போது நாங்கள் நோர்வேயில் ரொம்மன் என்கிற இடத்தில் ஓர் அடுக்குமாடியில் இரண்டாம் மாடியில் இருந்தோம். இரண்டாயிரத்து ஏழு, எட்டு அளவில். எங்களுக்கு நேர் மேல் வீட்டில் ஒரு துருக்கிக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணை நான் அன்ரி என்பேன். அம்மா "மேல்வீட்டுப் பிள்ளை" என்பார். அன்ரிக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. அம்மாவுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம், ஆனால் கதைக்கத்தான் பாஷை இல்லை. அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார், ஆகவே வாளி, துணி, சுகமா, நன்றி ஆகியவற்றுக்கு நோர்வேஜியச் சொற்கள் அவருக்குத் தெரியும். அன்ரிக்குக் கடைக்குப் போய்வரத் தேவையான சொற்கள் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எவ்வளவுதான் கதைப்பது?

ஆகையால் தட்டுகள் கதைத்தன. மேலிருந்து பக்லவா வரும், கீழிருந்து முறுக்குப் போகும். ஒருமுறை கோதுமை, கடலை, அவரை, உலர்ந்த அத்திப்பழம் எல்லாம் போட்டுப் பொங்கல் மாதிரி இனிப்பாக ஒரு புக்கை வந்தது. அஷூரே என்று பேர். அம்மா கரண்டியால் கிளறிப் பார்த்து, "கடலையைச் சுண்டலாக்காமல் ஏன் இந்தப் பாடு படுத்தினவை?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இரண்டாம் கோப்பையும் எடுத்தார். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. அதனால் அந்தப் போக்குவரத்துக்கு ஒரு முடிவே வராது.

அன்ரியின் உடைந்த நோர்வேஜியனைத் தமிழாக்கி, இரு வீட்டுக்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், கதவடியில், எங்கு போனாலும் அம்மாவின் வாய் என்னிடம்தான் இருந்தது. என் வகுப்பு ஆசிரியை "உங்கள் மகள் அதிகம் கதைக்கிறாள்" என்று முறையிட்டதை, "நல்லாக் கதைக்கிறாவாம்" என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்படிச் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்வது எனக்குக் கைவந்த கலை. ஒருநாளும் பிடிபட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. அம்மா குசினியில் றொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். துருக்கி அன்ரி ஒரு தட்டை நீட்டினார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தன் அப்பா இறந்துவிட்டார், இது அவருக்காகச் செய்தது, சாப்பிட்டுவிட்டு அவருக்காகக் கடவுளிடம் கேளுங்கள் என்று தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மற்ற வீடுகளுக்கும் கொடுக்க வேண்டியிருந்தபடியால் நிற்காமல் படியில் இறங்கிப் போய்விட்டார்.

தட்டு கைச்சூடாக இருந்தது. மூடியிருந்த தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்த ரவை, நடுநடுவே வெள்ளை வெள்ளையாகப் பைன் விதைகள். ஐயோ, அந்த வாசம்! படி முழுக்க அது மணத்தது. துருக்கியர் வீட்டில் ஒருவர் செத்தால் ஹெல்வா கிண்டி அந்த வாசத்தைப் பரவவிடுவார்கள், அது போனவரின் ஆத்மாவுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை. அன்றைக்கு அது நேராக என் வயிற்றுக்குத்தான் போனது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு ஹொல்ம்லியாவில் ஒரு தமிழ் ஆட்களின் செத்த வீட்டுக்குப் போயிருந்தோம். யாரோ ஒரு பிஸ்கட் நீட்ட நான் கையை நீட்டினேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் நினைவிருக்கிறது. தீட்டுள்ள துடக்கு வீட்டில் பச்சைத் தண்ணியும் வாயில் படக்கூடாதாம். அப்படியானால் இந்தத் தட்டு எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஆர் பிள்ளை வந்தது? இண்டைக்கு அவைக்குப் பெருநாளும் இல்லையே, என்ன விசேசமாம்?" என்று கேட்டபடி மாக்கையோடு அம்மா வந்தார்.

"அவவின்ரை அப்பா..." என்று தொடங்கிவிட்டேன். பாதி வசனம் உண்மையாக வெளியே வந்துவிட்டது. மிச்சத்தை மட்டும்தான் மாற்ற முடிந்தது. "...வாறாராம். துருக்கியிலையிருந்து."

அம்மா மாக்கையோடு இன்னும் கிட்ட வந்தார்.

"மெய்யே? விசா குடுத்திட்டாங்களே?"

"ஓம் அம்மா."

"குடுத்துவைச்ச பிள்ளை," என்றார். பிறகு குசினிக்குத் திரும்பிப் போனார். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் மாவைக் கழுவ இவ்வளவு நேரமா என்று நான் யோசிக்கவில்லை. அந்த இடைவெளியில் நான்கு கரண்டி ஹெல்வா சாப்பிட்டேன். பிறகு அம்மாவும் ஒரு கரண்டி எடுத்தார். அப்பா வேலையால் வந்து மிச்சத்தைச் சாப்பிட்டுப் பார்த்து, கேசரிக்குக் கலர் போட மறந்துவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் என் அம்மா யார்? அடுத்த நாள் காலையில் நான் எழும்பியபோது தாச்சியில் ரவை வறுபடுகிற சத்தம் கேட்டது. அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். கலியாண வீட்டுக் கேசரி, கண்ணைப் பறிக்கிற செம்மஞ்சள், மேலே கஜுவும் பிளம்ஸ் என்கிற திராட்சை வத்தலும்.

"முகத்தைக் கழுவிப்போட்டு நல்ல சட்டை ஒண்டைப் போடு," என்றார். "மேலை போய்ப் பெரியவரைப் பாத்து ஒரு வணக்கம் சொல்லிப்போட்டு வருவம். அவ்வளவு தூரம் வந்த மனிசன்."

அவர் இன்னும் வரவில்லை, அடுத்த கிழமைதான் வருவார் என்றேன். "அப்ப வரமுதல் போய்ச் சந்தோசம் சொல்லுவம்," என்றார். வயிற்றுக்குத்து என்றேன். அம்மா கொஞ்சம் ஓமத் தண்ணி பருக்கினார். அன்ரி வீட்டில் இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து மேலே தடதடவென்று நாலைந்து பேர் நடக்கிற சத்தம். அம்மா கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"சனம் நிறைய வந்திட்டுது போலை. பெரியவர் வந்திட்டார் எண்டு நினைக்கிறன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஒரு அடியோடு போயிருக்கும். ஆனால் செத்த வீட்டுச் சாப்பாட்டை அம்மாவுக்கும் தீத்திவிட்டேன், அப்பாவுக்கும் தீத்திவிட்டேன். அதை எந்த வாயால் சொல்வது? அம்மா அலுமாரியைத் திறந்து மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலையை எடுத்தார். கொசுவம் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார். முழந்தாளில் நின்று பிடித்தேன். தாலிக்கொடி வெளியே தெரிய, குங்குமப் பொட்டோடு, தட்டத்தில் கேசரியும் நாலு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அம்மா படியேறினார். நான் பின்னால் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு போனேன்.

மேல்வீட்டுக் கதவடியில் சப்பாத்துக் குவியல். கதவு திறந்தே கிடந்தது. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முகம் நிறையச் சிரிப்போடு உள்ளே போனார்.

இருப்பறையில் ஏழெட்டுப் பெண்கள் தலையை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார். நடுவில் அன்ரி, மடியில் குழந்தை. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அந்தக் கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் அம்மாவின் மஞ்சள் பட்டு வெளிச்சம் போட்டது போல நின்றது. அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அம்மா குனியாமலே கேட்டார். "ஆரடி செத்தது?"

"அவவின்ரை அப்பா."

கிள்ளு விழும் என்று தொடையை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா நேரே போய் அன்ரியின் பக்கத்தில் இருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். தட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார். அன்ரி அதைப் பார்த்தார். விரலால் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தார். அவர் முகம் மாறியது.

"இர்மிக்," என்றார் மற்றப் பெண்களிடம். ரவை என்று அர்த்தம். கேசரித் தட்டம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் ருசி பார்த்துத் தலையாட்டினார்கள். அன்ரி என்னைப் பார்த்து, உங்கள் ஆட்களும் இறந்தவர்களுக்காக இதைத்தான் செய்வார்களா, அதற்காகத்தான் அம்மா இவ்வளவு நல்ல உடுப்பு உடுத்து வந்தாரா என்று கேட்டார்.

நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. ஓம், ஓம் என்று நானே தலையாட்டிவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கேசரி நல்லா இருக்காம்."

அன்ரி உள்ளேயிருந்து ஹெல்வாவை ஒரு சின்னக் கோப்பையில் கொண்டுவரச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். செத்த வீட்டில், செத்த வீடு என்று தெரிந்துகொண்டே, என் அம்மா அதை வாங்கிச் சாப்பிட்டார். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் கதைக்கத் தொடங்கினார். முதல் நாள் காலையில் தொலைபேசி வந்தது, அன்று பின்னேரமே ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள், கைக்குழந்தையோடு எந்த விமானத்தைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருக்க முடியாது என்றார். கண்ணை மட்டும் என் மேல் வைத்திருந்தார், நான் சொல்லுவேன் என்று. இனி ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று மனதுக்குள் பிள்ளையாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பாவின்ரை முகத்தைக் கடைசியாய் ஒருக்காப் பாக்கக்கூடக் கிடைக்கேல்லையாம், தான் போறதுக்கு முதலே மண்ணைப் போட்டிட்டினமாம்."

அம்மா "ஐயா!" என்று கத்தினார்.

நான் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தேன். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. "என்ரை ஐயா, என்ரை ஐயா" என்று மார்பில் அடித்துக்கொண்டு, பட்டுச் சேலை கசங்க, அன்ரியின் தோளில் விழுந்து அழுதார். ஒப்பாரி போல ஏதேதோ தமிழில் வந்தது. அன்ரி துருக்கியில் ஏதோ சொல்லி அழுதார். ஒருவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். ஓதிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார். யாரும் என்னிடம் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை நேரே குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் வார்த்தார். தானும் முழுகினார். நான் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்று அழுதேன். இனிமேல் பொய் சொல்லமாட்டேன், சாப்பாட்டுக்காகச் சொல்லமாட்டேன், நீங்கள் அழாதேங்கோ அம்மா என்றேன். அம்மா என் தலையைத் துவட்டியபடி, "அதுக்கில்லையடி பிள்ளை," என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அம்மாவின் ஐயா, என் அம்மப்பா, அதற்கு முந்தின வருடம் வன்னியில் தவறிப்போயிருந்தார். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். செய்தி எங்களுக்கு வந்து சேரும்போது பன்னிரண்டு நாளாகியிருந்தது. அவரை இங்கே கூப்பிட அம்மா போட்டிருந்த விசா விண்ணப்பத்துக்கு அப்போதும் பதில் வரவில்லையாம். அம்மா அடுத்த நாளே வேலைக்குப் போனார், திங்கட்கிழமை ஆட்கள் குறைவென்று. எங்கள் வீட்டில் யாரும் வந்திருந்து அழுததாக எனக்கு நினைவில்லை. நான் அவரைப் படத்தில் மட்டும் பார்த்தவள், என் வாழ்க்கையில் அன்று ஒன்றும் மாறவில்லை.

அம்மாவை அப்படி அழவைத்தது என் பொய்தான் என்று எத்தனையோ வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் படிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, திடீரென்று ஞாபகம் வந்து முகம் சுடும். அந்த இரண்டு நாளில் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது ஒரேயொரு வசனம். அதைக் கேட்டுத்தான் அம்மா அழுதார்.