இருபதாவது சுற்று

எங்கள் சங்கத்து வாசகசாலையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் ஒரு வெள்ளிக் கோப்பை. அதன் கீழே, ‘ஐந்து மைல் ஓட்டம்: நாகையா, 1925, 1928, அடுத்தடுத்து இருமுறை வெற்றி’ என்று நேற்று வரை ஒரு சீட்டு, என் கையெழுத்தில். கொஞ்சம் கண் உள்ளவர்கள் கேட்பார்கள், இருமுறை வென்றவருக்குக் கோப்பை ஏன் ஒன்று என்று. மற்றது வீட்டில் இருக்கிறது என்று பத்து வருஷமாகச் சொல்லிவந்தேன். அது பொய்.

நாகையா இந்த மாசியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லிக் காரியதரிசி தினமும் என் வாசலில் வந்து நிற்கிறார். ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயமில்லை. அச்சிடுவதும் குப்பையில் போடுவதும் அவர் இஷ்டம்.

நாகையா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவர். காலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் புறப்பட்டால், தோளில் நீளச் சுத்தியலோடு பெட்டாலிங் ஸ்டேஷன் வரை சிலிப்பர் கட்டைகளின் மேலேயே நடப்பார். தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்குவார். தன்னால் முடியாததை மாலையில் மேலாளான மண்டோரிடம் வந்து சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், ஆகவே மைல் கல்லிலிருந்து கட்டைகளை எண்ணி வைத்துக்கொள்வார். நானூற்றுப் பன்னிரண்டாவது கட்டை என்பார். போய்ப் பார்த்தால் அதேதான். எண்ணாமல் நடக்க அவருக்குத் தெரியாது.

நான் வல்லிபுரம். யாழ்ப்பாணத்திலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி வந்து, அதே ரயில்வேயில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் எங்களை விட்டால் ஆளில்லை என்றொரு எண்ணம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மலாயா, பர்மா, சயாம், இலங்கை, ஹாங்காங் என்று ஐந்து நாட்டாரும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடும் கீழ்நாட்டு விளையாட்டுப் போட்டி 1925இல் கோலாலம்பூர் பாடாங் மைதானத்தில் நடந்தது. தேர்வு ஓட்டத்தில் வெறுங்காலோடு எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிய நாகையாவுக்கும் அதில் இடம் கிடைத்தது. அவர் மனைவி வீரம்மா, புருஷன் ஜெயித்தால் அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பார் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்.

ஐந்து மைல் என்றால் பாடாங்கை இருபது சுற்று. பதினோரு பேர் ஓடினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கிராணி, கையில் ஒரு சிலேட்டு. ஆள் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் சிலேட்டில் ஒரு கீறல் போட வேண்டும். நாகையாவின் சிலேட்டு என்னிடம். பாதி ஓட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பிடிப்பதா, சிலேட்டைப் பிடிப்பதா என்று நான் தடுமாறிய நேரத்தில் கீறல்கள் எல்லாம் வெள்ளைத் தண்ணீராகக் கரைந்து என் சட்டைக் கைக்குள் இறங்கின. பதிமூன்றா, பதினாலா? பக்கத்திலேயே எஞ்சினியர் துரை நின்றார். அவருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பதினாலு கீறல் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

கடைசிச் சுற்றுக்கு மணியடித்தபோது கோட்டை முதலில் தாண்டியவர் நாகையா. நாலடி பின்னால் ரங்கூன்காரர் ஒருவர், போ சான் என்று பெயர். என் சிலேட்டின்படி நாகையா முந்தி, அவர் பிந்தி. உண்மையில் அந்த மனிதர் நாகையாவுக்கு நாலடி குறைய ஒரு முழுச் சுற்று முன்னால் இருந்தார். மழையிலும் சேற்றிலும் யார் எங்கே என்று யாருக்கும் விளங்கவில்லை. அந்தச் சுற்று முழுவதும் நாகையாவின் முதுகுக்குப் பின்னால் சேற்றில் சளக் சளக்கென்று கால்கள் விழுந்துகொண்டே வந்தன. நாடாவை அறுத்தவர் நாகையா. செந்தூல் ரயில் பட்டறை ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். துரை கை குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

தைப்பூசம் வந்தது. நாகையா காவடி எடுக்கவில்லை. கால் வலி என்றார். அடுத்த தைக்கும் ஏதோ சாக்கு. அந்த வருஷம் அவருடைய இரண்டு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நேர்ந்ததைச் செய்யாததால்தான் என்று வீரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது எங்கள் குவார்ட்டர்ஸ் வரை கேட்டது. பிள்ளையைப் புதைத்த எட்டாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், நாகையா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, அன்னிக்கு என் சிலேட்டுல எத்தனை கோடு இருந்துச்சு?”

“இருபது. வேறை என்ன இருக்கும்?”

“நான் பத்தொம்பதுதாங்க ஓடினேன். மணி அடிச்சப்போ எனக்கு இன்னும் ரெண்டு சுத்து பாக்கி. ஒண்ணு ஓடினதும் நாடா கட்டியிருந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க, நின்னுட்டேன். அப்பவே வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கலீங்க.”

“மழைக்குள்ளை உமக்குக் கணக்குப் பிசகியிருக்கும்.”

“எனக்குப் பிசகாதுங்கய்யா.” அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வியாதியைச் சொல்கிற மாதிரி சொன்னார். “பின்னால வந்தாரே ரங்கூன்காரரு, அவரு கால் சத்தம் இன்னும் நிக்கல. லைன்ல நடந்தா கூடவே வருது. நின்னா நிக்குது. வெயில்லயும் சேத்துல மிதிக்கிற சத்தந்தான். திருடின கோப்பைக்கு முருகன் முன்னால எப்படிங்கய்யா காவடி தூக்குறது? தூக்கலன்னு புள்ளைய எடுத்துக்கிட்டான்னு அவ அழுவுறா. நான் எங்க போறது?”

பிசகு என்னுடையது, உம்முடையதல்ல என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“இதை வெளியிலை விட்டால் உமக்கும் வேலை போகும், எனக்கும் போகும். அடுத்த போட்டி ரங்கூனிலைதான். அங்கை போய் அந்த ஆளை நேர்மையா வெண்டிட்டு வாரும். எல்லாம் சரியாப் போகும்.”

பாவம், நம்பிவிட்டார். வேலை முடிந்த பிறகு கிள்ளான் ரோட்டில் தினமும் ஓடினார். இரண்டாவது கோப்பைக்காகத்தான் இந்தப் பாடு என்று ஊர் பெருமைப்பட்டது. சத்தம் இன்றைக்கும் வந்ததா என்று நான் கேட்பேன். தலையை மட்டும் ஆட்டுவார்.

1928இல் ரங்கூனுக்குக் கப்பலேறினோம். குழுவின் கிராணியும் மொழிபெயர்ப்பாளனும் நான்தான். நாகையாவின் தகரப் பெட்டியில் துண்டால் சுற்றிய எதையோ பார்த்தேன். பழைய கோப்பை. எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஓட்டக்காரர்கள் வரிசையில் நின்றபோது நாகையா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். போ சான் இல்லை. இருந்தும் ஓடினார். நல்ல வெயில், காய்ந்த தரை. இருநூறு கெஜத்துக்குமேல் இடைவெளி விட்டு வென்றார். இந்த முறை சிலேட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாடாவை அறுத்தவர் நிற்கவில்லை. நெஞ்சில் நாடா ஒட்டியபடியே இன்னொரு சுற்று, தன்னந்தனியாக, அதே வேகத்தில் ஓடினார். கூட்டம் சிரித்தது. மலாயாக்காரனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சுற்று முடிந்து அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். போ சான். அரிசி ஆலையில் வேலையாம், பாதத்தில் மூட்டை விழுந்து நசுங்கியதால் ஓட்டத்தை விட்டாராம். கூட வந்த பள்ளிக்கூட வாத்தியார் அவர் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

“அண்டைக்கு உம்மை எட்டிப் பிடிக்க ஏலாமல் போச்சாம். இண்டைக்குப் பார்க்க வந்தாராம்.”

நாகையா பெட்டியைத் திறந்து பழைய கோப்பையை எடுத்தார். அவர் கை நடுங்கியது. “அவருகிட்ட சொல்லுங்கய்யா. அன்னிக்கு ஜெயிச்சது அவருதான். நான் ஒரு சுத்து கம்மியா ஓடினவன். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டேன். இது அவரோடது.”

வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் எங்கள் குழுத் தலைவர் துரை நின்றார், காது கேட்கிற தூரத்தில். நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: “தன்னோடு ஓடியவர்களில் நீங்கள்தான் மிகக் கடினமானவர் என்கிறார். ஞாபகமாக இதை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.”

போ சான் நாகையாவின் கையையே பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கிக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னார். அவருடைய மேன்மையை மறக்க மாட்டேன் என்கிறார் என்றார் வாத்தியார்.

“என்ன சொன்னாரு?” என்றார் நாகையா.

“பரவாயில்லையாம். மன்னிச்சிட்டாராம்.”

நாகையா அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிட்டு விம்மி அழுதார். வாத்தியார் ஒரு துண்டுக் காகிதத்தில் போ சானின் விலாசத்தை எழுதி என்னிடம் கொடுத்தார்.

திரும்பும் கப்பலில் சத்தம் நின்றுவிட்டது என்றார் நாகையா. அடுத்த தையில் காவடி எடுத்தார். பத்துமலைப் படி இறங்கி வந்து, “படியை எண்ணவேயில்லீங்கய்யா” என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அதே வாரம் காலையில் நான் அலுவலகத்துக்கு நடந்தேன். நல்ல வெயில். எனக்குப் பின்னால் நாலடியில் சேற்றில் கால் விழுந்தது. திரும்பினேன். யாருமில்லை. நின்றேன். அதுவும் நின்றது. அன்று முதல் இதோ பத்து வருஷம். வைத்தியரிடம் போனேன், காதில் எண்ணெய் விட்டார். நாகையாவிடம் மட்டும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் வீரம்மா என்னைக் கூப்பிட்டாள். “அந்த ரங்கூன் மனுசனுக்கு ஒரு கடுதாசி போடுங்கய்யா. மன்னிச்ச மனுசன். இவரு போயிட்டாருன்னு தெரியணும். நீங்க நடுவுல நின்னு பேசலன்னா இவரு உருப்பட்டிருக்க மாட்டாரு.”

எழுதினேன். சாவை எழுதினேன். சிலேட்டை எழுதினேன். நான் மாற்றிச் சொன்ன இரண்டு வார்த்தைகளையும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து வாத்தியார் கையெழுத்தில் போ சானின் பதில் வந்தது.

‘நானும் எண்ணினேன். மறுநாளே உங்கள் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னேன். இருபது கீறல் உள்ள சிலேட்டைக் காட்டினார்கள். மூன்று வருஷம் அந்த மனிதனைத் திட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கத்தான் ரங்கூன் போட்டிக்கு வந்தேன். நாடாவைத் தாண்டி அவர் ஓடிய சுற்றிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. அதைச் சொல்ல ஒருவர் அப்படி நடுங்க மாட்டார். அவர் மனைவியிடம் சொல்லுங்கள், கோப்பை எங்கள் வீட்டில் புத்தருக்குப் பக்கத்தில் இருக்கிறது.’

அவ்வளவுதான். எனக்கென்று ஒரு வரியும் இல்லை.

வீரம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், என் பங்கையும் சேர்த்து. வெகுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, “அவருக்குக் கேட்ட அந்தச் சத்தம் இப்ப உங்களுக்குக் கேக்குதாய்யா?” என்றாள்.

“கேக்குது.”

“அப்ப நீங்களும் ஒரு சுத்து ஓடித்தான் ஆகணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை.

நேற்று வாசகசாலைக்குப் போய்ச் சீட்டை மாற்றினேன். ‘1925: போ சான், ரங்கூன். 1928: நாகையா, பிரிக்பீல்ட்ஸ். 1925இன் சுற்றுக் கணக்கைப் பிழையாக எழுதியவர்: வல்லிபுரம்.’ காரியதரிசி சத்தம் போட்டார், சங்கத்தின் பெருமையே போயிற்று என்றார். அலமாரியைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். கால் சத்தம் பின்னாலேயே வந்தது. நாலடியில் அல்ல, கொஞ்சம் தள்ளி.