திருப்பதிக்கு இரண்டு ஹெச்

சித்தூர் ஃபேக்டரியில் காட்டா நின்றுவிட்டது என்று போன் வந்தது. திருப்பதி ஹெட் ஆபீஸில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தபின் எனக்கு அது முதல் மாங்காய் சீசன். காட்டா என்றால் வண்டியை ஏற்றி எடை போடும் மேடை. எடை திருப்பதியில் உள்ள சர்வரில் பதிவானால்தான் கேட் திறக்கும். பதிவாகவில்லை. மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

என்னோடு புத்தூரில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறியிருந்தார்கள். உள்ளூரிலேயே எனக்கென்று, நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஒரு ஃபயர்வால் பெட்டி கிடைத்த பெருமையில் நான் திரிந்தேன். அன்றைக்குச் சித்தூர் பஸ் சந்திரகிரியைத் தாண்டுவதற்குள் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகவே நினைப்பு.

வரிசையில் முதல் டிராக்டர் முனியம்மா என்பவருடையது. லேப்டாப் பையைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கம்ப்யூட்டர் டாக்டரா? சீக்கிரம் ஊசி போடு தம்பி. வெயில்ல காயெல்லாம் கொழகொழன்னு ஆய்க்கினு கீது. சாயங்காலம் வரைக்கும் நின்னா வாங்க மாட்டாங்க, வண்டியோட திருப்பி அனுப்பிடுவாங்க."

உள்ளே ஓடினேன். எந்த முகவரிக்குப் போகிற டேட்டாவை எந்த லைனில் அனுப்புவது என்று ஃபயர்வால் வைத்திருக்கும் பட்டியல்தான் ரவுட்டிங் டேபிள். திறந்தால் திரை நிறைய வரிகள். எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை ஏது? ஒவ்வொரு லைனுக்கும் ஊர்ப் பெயர் வைத்திருப்பார்கள் என்று தெரியும். மேலே இருந்த ஃபில்டர் பெட்டியில் திருப்பதி என்று இங்கிலீஷில் அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது: திருப்பதி ஆபீஸ் முகவரிகள் அனைத்தும் புது ஃபைபர் லைனில். பச்சை விளக்கு.

ஃபேக்டரி மேனேஜர் முரளி சார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏமி பாபு, ரூட் உந்தா லேதா? இருக்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு."

"உந்தி சார்! ரூட் பர்ஃபெக்டா இருக்கு. தப்பு திருப்பதி சர்வர்லதான்."

பாவம், நம்பிவிட்டார். போன் போட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். காட்டா அசையவில்லை. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த திருப்பதி ஆபீஸும் சற்று நேரம் நின்றதுதான் மிச்சம்.

"முன்னாடி ஒரு ஊர்தான் நின்னுது பாபு. நீ வந்து ரெண்டு ஊர நிறுத்திட்டே. சபாஷ்" என்றார்.

வேறு வழியில்லாமல் ஏழுமலைக்குப் போன் செய்தேன். எனக்கு முன் அந்த ஃபயர்வாலைப் பார்த்துக்கொண்டவர். நகரிக்காரர், இப்போது பெங்களூரில்.

"ஃபில்டர்ல இன்னா போட்டே?"

"திருப்பதிண்ணா."

"ஸ்பெல்லிங் சொல்லு."

சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"ஹெச் எங்கடா? 'திரு'வுல ஒன்னு, 'தி'யில ஒன்னு, ரெண்டு ஹெச்சு. நான் தமிழ்ல படிச்சவன்டா, அப்டித்தான் எழுதுவேன். நீ தெலுங்கு மீடியத்துல படிச்சிட்டு ரெண்டு ஹெச்சயும் துன்னுட்டே!"

புது லைனுக்குப் பெயர் வைத்தது முரளி சார். அதில் ஹெச் இல்லை. ஃபைபருக்கு முன்பிருந்த பழைய லைனுக்குப் பெயர் வைத்தது ஏழுமலை. இந்த முறை ஊர்ப் பெயரையே விட்டுவிட்டு சர்வரின் முகவரி எண்ணை ஃபில்டரில் போட்டேன். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று நான் பார்த்தது. மற்றது அந்த ஒரு சர்வருக்கு மட்டும் தனியாக, பழைய லைனில்.

"போன வருசம் ஃபைபர் வந்தப்போ சர்வர மட்டும் பழைய லைன்லயே வுட்டு வெச்சேன். சீசன் நேரத்துல கைய வெக்க வேணாம்னு" என்றார் ஏழுமலை.

பொது ரூட்டும் தனி ரூட்டும் இருந்தால் ஃபயர்வால் தனி ரூட்டைத்தான் எடுக்கும். பழைய லைனை முந்தின நாள்தான் துண்டித்திருந்தார்கள். அதன் மோடத்தை யாரும் அணைக்கவில்லை. விளக்கு எரிவதைப் பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று நம்பிய ஃபயர்வால் எடைகளை எல்லாம் அதில் அனுப்பிக்கொண்டிருந்தது.

தனி வரியை நீக்கப் போனேன். "பாபு, மூணாவது ஊர் எதனா நிக்குமா?" என்றார் முரளி சார். வரியை இன்னொரு முறை படித்துவிட்டு நீக்கினேன். காட்டாவில் எடை பதிவானது. கேட் திறந்தது.

வெளியே வந்தபோது முனியம்மாவின் லோடை ஃபேக்டரி ஆள் ஒருவர் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கனிந்துபோன மேல்வரிசையை மட்டும் ஒரு கூடையில் ஒதுக்கிவிட்டு, மீதியை உள்ளே அனுப்பினார். முனியம்மா அந்தக் கூடையைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"இதுங்கல்லாம் நீ உள்ள பொட்டியப் பாத்துக்கினு இருந்தப்போ பழுத்ததுங்க. நீயே துன்னு."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருப்பதிக்கு ரூட் இருக்கிறதா என்று தேடாதீர்கள். இந்த முகவரிக்குப் போகிற டேட்டா எந்த ரூட்டை எடுக்கிறது என்று தேடுங்கள். ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. கூடையோடு திருப்பதி ஆபீஸுக்குத் திரும்பியபோது, தாங்கள் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துக்கு நஷ்டஈடு என்று சொல்லி எல்லோரும் ஆளுக்கொரு பழம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கூடைதான் மிஞ்சியது.